காலடியில் ஒரு கடல் – 9: உப்பளத்தின் மேல் கரிமலை

சென்ற வாரம் இஸ்தான்புல்லில் நிறுத்தியிருந்தோம். முதல் உலகப் போரில் தோற்ற ஆஸ்திரியாவின் குடிமகன் என்பதால் அரசுப் பொறியியல் கல்லூரி வேலையை இழந்த கார்ல் டெர்சாகி, அமெரிக்கர்கள் நடத்திய ராபர்ட் கல்லூரியில் ஒதுங்கினார். சுருட்டுப் பெட்டிகளையும் கையில் அகப்பட்ட பழைய சாமான்களையும் வைத்துக் களிமண்ணை அழுத்திப் பார்த்தார். களி எவ்வளவு அமிழும், எத்தனை காலத்தில் அமிழும் என்ற இரண்டையும் சேர்த்துச் சொல்லும் சமன்பாட்டை 1923-ல் வெளியிட்டார்.

அதற்கு முந்தைய வாரம் பைசா கோபுரம். 1173-ல் தொடங்கி, மூன்று தளத்தோடு 1178 வாக்கில் நின்றுபோன வேலை, 1272-ல்தான் மறுபடி தொடங்கியது. இடையில் ஓடிய ஏறத்தாழ நூறாண்டில் அடிக்களி இறுகி வலுவேறிக்கொண்டது. அந்த இடைவெளி இல்லாமல் அடுக்கிக்கொண்டே போயிருந்தால் கோபுரம் அன்றே சரிந்திருக்கும்.

இப்போது, காத்திருக்கவே நேரமில்லாத ஓர் இடத்துக்கு வருவோம். சென்ட்ரலில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறி, எண்ணூர் தாண்டினால் அத்திப்பட்டு.

*

எண்ணூர் நிலையத்தை விட்டதும் ரயில் கொசஸ்தலை ஆற்றைக் கடக்கிறது. இருபுறமும் உப்புநீர், கருஞ்சேறு, அங்கங்கே அலையாத்தி. அதற்குப் பின்னால் வானத்தை முட்டும் புகைபோக்கிகள்.

இந்த ஆற்றில் இடுப்பளவு நீரில் நின்று, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களை இன்றும் பார்க்கலாம். கால் ஊன்றும் இடத்தில் சேறு உள்ளே வாங்கும். எங்கே மிதிக்கலாம், எங்கே மிதிக்கக் கூடாது என்பதை அவர்கள் பாதமே அறியும். ஆள் பாரத்துக்கே இடம்கொடுக்கும் இந்தச் சேற்றின் பழைய உறவுகள்தான் கரைக்கு அடியிலும் அடுக்கடுக்காகக் கிடக்கின்றன.

அதன் மேல் என்னென்ன ஏறியிருக்கிறது என்று பாருங்கள். 1994-ல் வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் 210 மெகாவாட் அலகு ஓடத் தொடங்கியது. அதுபோல இன்னும் இரண்டு வந்தன. பின்னர் தலா 600 மெகாவாட்டில் இரண்டு. பக்கத்தில் வல்லூரில் தலா 500 மெகாவாட்டில் மூன்று. இந்த உலைகளுக்குக் கரி இறக்கவென்றே திட்டமிடப்பட்ட எண்ணூர்த் துறைமுகம் 2001 பிப்ரவரி 1 அன்று திறக்கப்பட்டது. இன்று அது காமராஜர் துறைமுகம். அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். சுற்றிலும் எண்ணெய்த் தொட்டிகள், எரிவாயு முனையம், கன்டெய்னர் யார்டுகள், லாரி நிறுத்தங்கள், சாம்பல் குளங்கள்.

இவற்றில் பெரும்பகுதி, ஒரு தலைமுறைக்கு முன்பு உப்பளமாகவும் சதுப்பாகவும் இருந்த நிலம். உப்பளத்துக்கு இடம் பார்த்தவர்களுக்கு மண்ணைப் பற்றி நன்றாகத் தெரிந்திருந்தது. பாத்தியில் நிறுத்திய கடல்நீர் கீழே இறங்கிப் போய்விடாத மண்ணாகத் தேடியே அவர்கள் பாத்தி கட்டினார்கள். நீரைக் கீழே விடாத மண் என்றால் களி. உப்பு விளைய எது வசதியோ, அதுவே கட்டுமானத்துக்கு வில்லங்கம்.

*

சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல்மட்டம் இன்றைக்கிருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. பிறகு பனி உருகிக் கடல் ஏறியது. கடந்த ஆறேழாயிரம் ஆண்டுகளாகத்தான் அது ஏறத்தாழ இன்றைய இடத்தில் நிற்கிறது.

கடல் வந்து நின்றதும் ஆறுகளின் வேகம் தணிந்தது. ஆரணி ஆறும் கொசஸ்தலையும் சுமந்து வந்த மணல் முதலில் படிந்தது. மெல்லிய துகள் மட்டும் காயலின் அசைவற்ற நீருக்குள் போய், உப்பு பட்டதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, திரள்திரளாக அடியில் இறங்கியது. ஒரு களித்துகளின் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் கீழே. அப்படி இறங்கிய திரள்களுக்கு நடுவே நீரும் சிக்கிக்கொண்டது.

பழவேற்காட்டிலிருந்து எண்ணூர்வரை இந்தக் கரையோரம் எங்கும் நடந்தது இதுதான். ஆறு திசை மாறினால் மணல், காயல் தேங்கினால் களி, புயல் வந்தால் மறுபடி மணல். போர் போட்டு மண் எடுக்கும்போது வெளியே வருகிற கருஞ்சாம்பல் களியில் கிளிஞ்சல் துண்டுகள் பல்லைக் காட்டும். அழுகிய முட்டை வாடை அடிக்கும். இப்படிப்பட்ட இளங்கடல்களியில், உலர்ந்த மண்ணின் எடையில் முக்கால் பங்கு அளவுக்கு நீர் இருப்பதும் உண்டு. கையில் எடுத்துப் பிசைந்தால் விரலிடுக்கில் பிதுங்கும்.

அந்த மண்ணின் மேல்தான் கரியைக் கொட்டுகிறோம்.

*

முதல் நாள் என்ன நடக்கிறது என்பதை நிதானமாகப் பார்க்க வேண்டும். இந்தத் தொடரின் மையமே அந்த ஒரு நாள்தான்.

கொட்டி வைத்த நிலக்கரி ஒரு கன மீட்டர் 800 முதல் 900 கிலோ வரை இருக்கும். 10 மீட்டர் உயரக் குவியல் என்றால், தரையின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் எட்டரை டன் உட்காருகிறது. ஒரு சாதாரணக் குடியிருப்பு, தளத்துக்கு ஒரு டன்னுக்குச் சற்று மேலே என்று வைத்துக்கொண்டால், இது ஏழெட்டு மாடிக் கட்டடத்துக்குச் சமம். அஸ்திவாரமே இல்லாத ஏழு மாடி.

இந்த எட்டரை டன்னை முதலில் யார் தாங்குகிறார்கள்?

மண் என்றுதான் டெர்சாகிக்கு முன்னால் பெரும்பாலும் நினைத்தார்கள். களித்துகள்களுக்கு நடுவே ஒரு பொட்டு இடம் விடாமல் நீர் நிறைந்திருக்கிறது. நீரைச் சுருக்க முடியாது. அது வெளியேற வேண்டுமானால் வழி வேண்டும். களியின் வழிகளோ மணலைவிடப் பல லட்சம் மடங்கு இறுக்கமானவை. ஆகவே பாரம் ஏறிய அந்த நொடியில் மண்துகள் அசைவதே இல்லை. எட்டரை டன்னையும் நீரே தாங்குகிறது. உள்ளே நீரழுத்தம் விர்ரென்று ஏறுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் ஆகவில்லை. தரை அப்படியே இருக்கிறது.

டெர்சாகி இதற்குச் சொன்ன மாதிரி எளிமையானது. ஒரு உருளைக்குள் நீர், நீருக்குள் ஒரு சுருள்வில், மேலே மூடி, மூடியில் ஊசித்துளை. மூடியின் மேல் எடை வைத்ததும் வில் அசையாது, நீர் தாங்கும். துளை வழியே நீர் சொட்டுச் சொட்டாக வெளியேற வெளியேற, எடை கொஞ்சம் கொஞ்சமாக வில்லுக்கு மாறும். நீர் கசிவது நிற்கும்போது முழு எடையும் வில்லின் மேல். இதில் வில்தான் மண்துகள்களின் எலும்புக்கூடு. துளைதான் களியின் கஞ்சத்தனம்.

இதனால்தான் முதல் நாள் ஆபத்தானது. மண் இன்னும் வலுவேறவில்லை, பாரம் மட்டும் முழுதாக வந்துவிட்டது. அவசரப்பட்டு உயரம் ஏற்றினால், அடிக்களி பக்கவாட்டில் பிதுங்கிக் குவியலின் ஓரம் சரியும். பக்கத்துத் தரை மேலே எழும்பும். இந்தக் கட்டம் தாண்டினால் களியைப் போல நம்பகமானது வேறில்லை. நீர் போகப் போக அது நாள்தோறும் வலுவேறிக்கொண்டே இருக்கும்.

ரோலர் விட்டு அழுத்தினால் ஆகாதா என்று கேட்கலாம். ரோலர் விரட்டுவது மண்ணிடையே இருக்கும் காற்றை. நீர் நிறைந்த களியில் விரட்டக் காற்றே கிடையாது, ரோலர்தான் புதையும்.

*

எவ்வளவு நாள் காத்திருப்பது?

ஆய்வகத்தில் போய்ப் பார்ப்போம். மெல்லிய சுவர்க் குழாயைக் களிக்குள் இறக்கி, குலையாமல் எடுத்த மண்ணை, 60 மில்லிமீட்டர் அகலமும் 20 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட வில்லையாக ஒரு உலோக வளையத்துக்குள் செதுக்கி வைப்பார்கள். மேலும் கீழும் நீர் புகும் கல்தட்டு. தண்ணீருக்குள் வைத்து, நெம்புகோல் வழியே எடை ஏற்றுவார்கள். டயல் கேஜின் முள் முதலில் சரசரவென்று ஓடும், பிறகு தயங்கும், பிறகு நகர்கிறதா என்றே சந்தேகம் வரும். 24 மணி நேரம் கழித்து எடையை இருமடங்காக்குவார்கள். மறுபடி 24 மணி நேரம். ஒரு வில்லையை முடிக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். காண்ட்ராக்டர்கள் பலருக்கும் இந்தச் சோதனை பிடிக்காததற்கு அதுவே காரணம். என் கருத்தில், கடலோரத்தில் வேலை எடுப்பவர் இதற்குச் செலவிடும் வாரம்தான் மொத்தத் திட்டத்திலும் லாபகரமான வாரம்.

அந்த வில்லை 90 சதவீதம் இறுக ஒரு மணி நேரம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். களத்தில் அதே களி 10 மீட்டர் தடிமன்; வில்லையைப் போலவே மேலும் கீழும் மணல். தடிமன் 500 மடங்கு. அப்படியானால் 500 மணி நேரம், ஏறக்குறைய மூன்று வாரம் என்று மனசு சொல்லும்.

டெர்சாகியின் கணக்கு அப்படிச் சொல்லவில்லை. நீர் கடக்க வேண்டிய தூரம் இரட்டித்தால் காலம் நான்கு மடங்காகும்; தூரம் மும்மடங்கானால் காலம் ஒன்பது மடங்கு. 500 மடங்கு தடிமனுக்கு, 500-ஐ 500-ஆல் பெருக்க வேண்டும். இரண்டரை லட்சம் மணி நேரம். இருபத்தெட்டு ஆண்டுகளுக்கும் மேல்!

கீழே மணல் இல்லாமல் பாறையோ இறுகிய களியோ இருந்துவிட்டால், நீருக்கு மேல்வழி மட்டும்தான். தூரம் இரட்டிப்பு, காலம் நான்கு மடங்கு. நூறாண்டைத் தாண்டும். பைசாவின் இடைவெளி எதற்காக அவ்வளவு நீண்டதாக இருக்க வேண்டியிருந்தது என்பது இப்போது புரியும்.

உலையில் கரி எரிய வேண்டும், சென்னைக்கு மின்சாரம் போக வேண்டும். இருபத்தெட்டு ஆண்டு யார் தருவார்கள்?

*

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, களியை நம்பாமல் தாண்டிப்போவது. பைல் இறக்கி, களியைத் துளைத்துக் கீழேயுள்ள கெட்டி அடுக்கில் ஊன்றிவிடுவது. கொதிகலன், டர்பைன், புகைபோக்கி போன்றவற்றுக்கு இதைத் தவிர வேறு யோசனை எழுவதில்லை.

ஆனால் அங்கும் களி தன் வேலையைக் காட்டும். வெள்ளத்துக்குப் பயந்து சதுப்பின் மேல் இரண்டு மூன்று மீட்டர் மண் கொட்டித் தரையை உயர்த்துகிறோம். அந்த மண்ணின் பாரத்தில் களி ஆண்டுக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். நடுவே நிற்கும் பைலோ இறங்காது. இறங்கும் களி பைலின் உடம்பைப் பற்றி அதையும் கீழே இழுக்கும். தாங்க வேண்டிய மண்ணே பாரமாகத் தொங்கும். இதைக் கணக்கில் சேர்க்காமல் போட்ட பைல்கள் உலகின் பல துறைமுகங்களில் தொல்லை கொடுத்திருக்கின்றன.

இதன் எளிய உருவத்தை நாம் எல்லோரும் இடுப்பில் உணர்ந்திருக்கிறோம். கடலோரச் சாலையில் பாலம் ஏறும் இடத்தில் வண்டி தூக்கிப்போடும். பாலம் பைலின் மேல் நிற்கிறது. அதற்கு ஏறும் மண்மேடு களியின் மேல் கிடக்கிறது. எத்தனை முறை தார் போட்டு நிரவினாலும் அந்தத் தார் புதுப் பாரமாகி மேடு மறுபடி இறங்கும்.

கரி யார்டு, கன்டெய்னர் யார்டு, ரயில் பாதை, சாலை என்று பரந்து விரியும் இடங்களுக்கெல்லாம் பைல் போட்டுக் கட்டுப்படியாகாது. அங்கே இரண்டாவது வழி.

*

காலத்தைக் குறைக்க முடியாது. தூரத்தைக் குறைக்கலாம்.

10 மீட்டர் களியிலிருந்து நீர் ஏன் மேலேயும் கீழேயும் மட்டுமே போக வேண்டும்? களிக்குள் செங்குத்தாக வழிகள் இறக்கிவிட்டால், பக்கவாட்டில் அரை மீட்டர் நகர்ந்தாலே நீருக்கு விடுதலை. 1930-களில் கலிபோர்னியாவின் நெடுஞ்சாலைகளுக்காக மணல் நிரப்பிய துளைகளைச் சோதித்தார்கள். அதே காலத்தில் ஸ்வீடனில் வால்டர் ஷெல்மான் இன்னும் துணிந்தார். உள்ளே பள்ளங்கள் ஓடும் அட்டைப் பட்டையை, 10 சென்டிமீட்டர் அகலத்தில், இயந்திரம் வைத்துக் களிக்குள் தைத்தார். இத்தனை இடைவெளியில் இறக்கினால் இத்தனை காலம் என்ற கணக்கை 1948-ல் ரெஜினால்ட் பாரன் தீர்த்துக் கொடுத்தார்.

இந்தியாவின் பங்கு கல்கத்தாவிலிருந்து வந்தது. ஹூக்ளியின் வண்டலில் வளர்ந்த அந்த நகரத்துக்கு மென்களி புதிதல்ல. பெரிய மணல் துளை போட இயந்திரமும் மணலும் செலவு. மெல்லிய துளை போட்டால், களி இறங்கும்போது மணல் தண்டு நடுவே அறுந்துவிடும். அங்கே கையருகில் இருந்தது சணல். சணல் துணியில் கைப்பிடிக்குள் அடங்கும் தடிமனில் நீளக் குழலைத் தைத்து, மணலை அடைத்து, களிக்குள் இறக்கினார்கள். மண் இறங்கினாலும் சணல் மணலை அறாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு வீட்டுவசதித் திட்டத்தில் இதைப் பயன்படுத்திய அனுபவத்தை தஸ்திதார், குப்தா, கோஷ் மூவரும் 1969-ல் மெக்சிகோ நகரில் நடந்த பன்னாட்டு மண்ணியல் மாநாட்டில் முன்வைத்தார்கள். பின்னால் சிங்கப்பூரில் சணலும் தென்னைநாரும் சேர்த்துப் பட்டை செய்தார்கள். நம் பக்கத்துத் தென்னைநார் கடலோர மண்ணை நிமிர்த்தியிருக்கிறது என்பதை நம் பாடப்புத்தகங்கள் சொல்லித்தர வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இன்று அந்த இடத்தில் பிளாஸ்டிக் பட்டை. 10 சென்டிமீட்டர் அகலம், சில மில்லிமீட்டர் தடிமன், மேலே வடிதுணி உறை. உயரமான இயந்திரம் ஒரு எஃகுக் குழலுக்குள் பட்டையைப் பிடித்துச் சரக்கென்று களிக்குள் குத்தி, குழலை மட்டும் உருவிக்கொள்ளும். ஒன்றரை அடி பட்டை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். ஒன்று, ஒன்றேகால் மீட்டர் இடைவெளியில் ஆயிரக்கணக்கில் நட்டு முடித்த யார்டு, நாற்று நட்ட வயல்போல இருக்கும். மேலே மணல் பரப்பி, அதன் மேல் மண்மேடு ஏற்றுவார்கள். நம் இருபத்தெட்டு ஆண்டுகள், இடைவெளி ஒரு மீட்டர் என்று மேலோட்டமாகப் போட்டால், சில மாதங்களாகச் சுருங்கும்.

ஆனால் அந்தச் சில மாதங்களிலும் மண்மேட்டை ஒரே மூச்சில் ஏற்ற முடியாது. களிக்குள் புதைத்த நீரழுத்தமானியையும், தரைமட்டத்தில் வைத்த இரும்புத் தகட்டின் இறக்கத்தையும் தினமும் குறித்துக்கொண்டு வருவார்கள். ஒரு அடுக்கு கொட்டியதும் அழுத்தம் ஏறும். அது இறங்கக் காத்திருக்க வேண்டும். லாரிகள் வரிசையில் நிற்கும், வாடகை ஓடும், மழைக்காலம் நெருங்கும். அழுத்தம் எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை. அடுத்த அடுக்கைக் கொட்டலாமா, நிறுத்தலாமா? நிறுத்து என்று சொல்லும் தைரியம் அந்த இடத்தில் ஓர் இளம் பொறியாளருக்கு வேண்டும். மென்களியில் நிமிர்ந்து நிற்கும் ஒவ்வொரு யார்டுக்கும் பின்னால் அப்படிச் சொன்ன ஒருவர் இருந்திருப்பார்.

*

வடசென்னையின் முதல் அலகு ஓடிய அதே 1994-ல், ஜப்பானில் ஒசாகா விரிகுடாவுக்கு நடுவே கன்சாய் விமான நிலையம் திறக்கப்பட்டது. கடலைத் தூர்த்து எழுப்பிய தீவு. அடியில் இருந்த மேல்களிக்குள் லட்சக்கணக்கில் மணல் வடிகால்கள் இறக்கி, எதிர்பார்த்தபடியே அதை இறுக வைத்தார்கள். மேல்களி சொன்ன பேச்சைக் கேட்டது. அதற்கும் கீழே, வடிகால் எட்டாத ஆழத்தில் கிடந்த பழைய களி கேட்கவில்லை. தீவு இதுவரை 10 மீட்டருக்கு மேல் அமிழ்ந்திருக்கிறது; வேகம் குறைந்தாலும் இன்னும் முழுதாக நிற்கவில்லை.

கண்ணுக்குத் தெரியும் பாரத்துக்கு மேலடுக்கைத் தயார்செய்துவிட்டு, ஆழத்தை மறந்துவிடக் கூடாது. இதை மனதில் வைத்துக்கொண்டு அத்திப்பட்டிலிருந்து இரண்டு நிலையம் தள்ளிப் போவோம். நந்தியம்பாக்கம், அடுத்தது மீஞ்சூர்.

சென்னையின் தாகத்துக்கும் மணலி ஆலைகளின் தேவைக்கும் நீர் கொடுத்த கிணற்று வயல்களில் மீஞ்சூர் ஒன்று. களியடுக்குகளுக்குக் கீழே கிடந்த மணலிலிருந்து இரவும் பகலும் நீர் இறைத்தார்கள். நன்னீர் வற்றிய இடத்துக்குக் கடல் வந்தது. 1969-ல் கரையிலிருந்து சுமார் 3 கிலோமீட்டர் உள்ளே இருந்த உவர்நீர் எல்லை, 1987-ல் சுமார் 9 கிலோமீட்டருக்குப் போய்விட்டது. அந்த ஆண்டுதான் சென்னைப் பெருநகரப் பகுதிக்கென்று நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டமும் வந்தது.

கிணற்று நீர் உப்பானதை ஊர் முழுக்கப் பேசியது. டெர்சாகி இருந்திருந்தால் இன்னொன்றையும் கேட்டிருப்பார். களிக்குக் கீழேயுள்ள மணலில் நீரழுத்தம் 10 மீட்டர் குறைந்தால், அதுவரை நீர் தாங்கிய பாரம் மண்துகளின் மேல் விழுகிறது. சதுர மீட்டருக்கு 10 டன். நம் 10 மீட்டர் கரிமலையைவிட ஒன்றரை டன் அதிகம். ஒரு லாரி மண்கூடக் கொட்டாமல், ஒரு செங்கல் வைக்காமல், ஊர் முழுக்க, வயல் முழுக்க, வீடுகளுக்கு அடியிலும் தண்டவாளத்துக்கு அடியிலும் ஒரே நேரத்தில் ஏறும் பாரம்.

1969-ல் நம் சணல் குழலைப் பற்றிக் கேட்க உலகப் பொறியாளர்கள் கூடிய மெக்சிகோ நகரம், அப்போதே இந்தப் பாரத்தில் பல மீட்டர் அமிழ்ந்திருந்தது. அதற்குக் காரணம் நீர் இறைப்புதான் என்று 1940-களிலேயே நபோர் கரியோ எழுதிக் காட்டியிருந்தார்.

அப்படியானால் மீஞ்சூருக்கும் அத்திப்பட்டுக்கும் அடியில் கிடக்கும் களி, அந்த இறைப்புக் காலம் முழுவதும் என்ன செய்துகொண்டிருந்தது?

(அடுத்த வாரம்: மெக்சிகோவின் கிணறுகள், மீஞ்சூரின் கிணறுகள்)